400 வாட் இருந்தும் குரல் புரியலையா? ஹாம் ரேடியோ ஆம்ப்ளிஃபையரில் 'பவர் சப்ளை' செய்யும் வேலை என்ன?

2004 டிசம்பர் 26. அந்தமானின் போர்ட் பிளேர் நகரம் (இன்றைய ஸ்ரீ விஜய புரம்). ஹாம் ரேடியோ ஆர்வலர் பாரதி பிரசாத் தலைமையிலான ஒரு குழு அந்த மாதம் அங்கே முகாமிட்டிருந்தது. உலகம் முழுக்க உள்ள ஹாம்களுடன் பேசுவதுதான் அவர்கள் போன நோக்கம்.

அன்று காலை சுனாமி வந்தது. வழக்கமான தொலைத்தொடர்பு முடங்கியது. அந்தக் குழுவின் ரேடியோ பெட்டிகள்தான் தீவுக்கும் வெளியுலகத்துக்கும் இடையே செய்தி கடத்தும் வழியாக மாறின. யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே என்ன தேவை என்ற தகவல்கள் அலைவரிசையில் போயின.

இதுபோன்ற நேரத்தில் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். சொல்வது புரிகிறதா, இல்லையா? எத்தனை வாட் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

குரல் புரியவில்லை என்றால் பலரும் முதலில் ஆன்டெனாவைப் பார்ப்பார்கள். அடுத்து மைக். ஆனால், மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் சூடாகிக்கொண்டிருக்கும் பவர் சப்ளையை பெரும்பாலும் கடைசியில்தான் பார்ப்பார்கள். உண்மையில் பல நேரங்களில் பிரச்னை அங்கேதான் இருக்கிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

பொழுதுபோக்காகவும், தொழில்நுட்பம் கற்றுக்கொள்ளவும் தனிநபர்கள் நடத்தும் வானொலி நிலையம்தான் ஹாம் ரேடியோ. அமெச்சூர் ரேடியோ என்றும் சொல்வார்கள். இதற்கு மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற வேண்டும். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு அழைப்புக் குறி உண்டு. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறி 'வி.யு.2 ஆர்.ஜி'.

சாதாரணமாக ஒரு ஹாம் ரேடியோ பெட்டி 100 வாட் வரை சிக்னல் தரும். அதைப் பெரிதாக்க, பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் வைக்கும் கருவிதான் ஆம்ப்ளிஃபையர்.

ஆம்ப்ளிஃபையர் உண்மையில் என்ன செய்கிறது?

இங்கேதான் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சின்ன சிக்னல் உள்ளே போய், அதுவே வளர்ந்து பெரிதாக வெளியே வருகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை.

ஆம்ப்ளிஃபையரை ஒரு தண்ணீர்க் குழாயாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் சின்ன சிக்னல், குழாயைத் திறந்து மூடும் கை மட்டும்தான். வெளியே கொட்டும் தண்ணீர் தொட்டியிலிருந்து வருகிறது. அந்தத் தொட்டிதான் பவர் சப்ளை.

அதாவது ஆன்டெனா வழியாக வெளியே போகும் பெரிய சிக்னல், பவர் சப்ளை தரும் கரண்டிலிருந்து உருவாவதுதான். தொட்டித் தண்ணீர் கலங்கலாக இருந்தால், குழாய் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கலங்கல் தண்ணீர்தானே வரும்? பவர் சப்ளையில் உள்ள அழுக்கும் அப்படித்தான் சிக்னலில் வந்து சேரும்.

அந்த 'அழுக்கு' எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டு சுவிட்ச் போர்டில் வருவது 230 வோல்ட் ஏ.சி. கரண்ட். இது ஒரு நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் அலை. ஆனால் ரேடியோவுக்குத் தேவை, ஏற்ற இறக்கம் இல்லாத டி.சி.

ஏ.சி.யை டி.சி.யாக மாற்ற முதலில் டயோடுகள் பயன்படுகின்றன. 4 டயோடுகள் சேர்ந்த 'பிரிட்ஜ்', அலையின் கீழ்ப்பாதியையும் மேலே திருப்பிவிடும். இப்போது கரண்ட் ஒரே திசையில்தான் போகிறது. ஆனால் சமமாக இல்லை. ஒரு நொடிக்கு 100 மேடு, 100 பள்ளம்.

இந்த மேடு பள்ளத்துக்குத்தான் 'ரிப்பிள்' என்று பெயர். இதை அப்படியே ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால், பேசும் குரலோடு சேர்ந்து ஒரு நொடிக்கு 100 முறை அதிரும் உறுமலும் காற்றில் போகும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் 'ம்ம்ம்' என்று கேட்குமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம்.

கண்டன்சர் எப்படிக் காப்பாற்றுகிறது?

பள்ளத்தை நிரப்பும் வேலையைச் செய்வது கெப்பாசிட்டர். நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் மொழியில் கண்டன்சர். மோட்டார் ஓடும்போது மேல்நிலைத் தொட்டி நிரம்புகிறது, நின்றபின் தொட்டியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது அல்லவா? அதேபோல மேடு வரும்போது கண்டன்சர் நிரம்பும். பள்ளம் வரும்போது தன்னிடம் உள்ளதைக் கொடுக்கும்.

எவ்வளவு பெரிய கண்டன்சர் வேண்டும்? அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இழுக்கும் கரண்டை, 100 என்ற எண்ணாலும் கண்டன்சரின் கொள்ளளவாலும் வகுத்தால், ரிப்பிள் எத்தனை வோல்ட் என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.

ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். 2,500 வோல்ட், 0.4 ஆம்பியர். 450 வோல்ட் தாங்கும் 330 மைக்ரோ ஃபேரட் கண்டன்சர்கள் 8-ஐ வரிசையாக இணைத்தால், மொத்தக் கொள்ளளவு சுமார் 41 மைக்ரோ ஃபேரட். கணக்குப் போட்டால் ரிப்பிள் ஏறத்தாழ 100 வோல்ட். 2,500-ல் இது 4 சதவீதம்.

அதே கண்டன்சர்கள் வயதாகி, கொள்ளளவு பாதியாகக் குறைந்தால்? ரிப்பிள் இரண்டு மடங்கு. இந்த வகை கண்டன்சர்களுக்கு வெப்பம்தான் எதிரி. சுற்றுவெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் ஊர் வெயிலில், ஃபேன் இல்லாத அறையில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் இருக்கும் கண்டன்சரின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, குறைந்த வோல்ட் பெட்டிகளில்?

100 வாட் ரேடியோ பெட்டிக்கு 13.8 வோல்ட் வேண்டும். முழு சக்தியில் பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 40,000 மைக்ரோ ஃபேரட் என்ற பெரிய கண்டன்சர் வைத்தாலும் ரிப்பிள் 5 வோல்ட் வருகிறது. 13.8 வோல்ட்டில் 5 வோல்ட் ஆட்டம் என்றால் ரேடியோ எப்படி வேலை செய்யும்?

அதனால்தான் இங்கே கண்டன்சர் மட்டும் போதாது. அதற்குப் பின்னால் 'ரெகுலேட்டர்' வைப்பார்கள். இது கொஞ்சம் கூடுதல் வோல்ட்டை வாங்கி, மேட்டை வெட்டி, 13.8 என்ற சமமான கோட்டில் வெளியே விடும். வெட்டிய பகுதி வெப்பமாகப் போகும். பழைய வகை பவர் சப்ளை கனமாகவும் சூடாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய வால்வு செட்களில் இன்னொரு பொருளும் இருக்கும். சோக். டியூப் லைட்டில் இருக்குமே, அதன் பெரிய அண்ணன். தையல் மெஷினின் சக்கரம், கால் மிதிப்பது சீராக இல்லாவிட்டாலும் சுழற்சியைச் சீராக வைத்திருக்கும். சோக்கும் அப்படித்தான். கரண்ட் திடீரென ஏறுவதையும் இறங்குவதையும் அது தடுக்கும்.

சிக்னலில் இது எப்படிக் கேட்கும்?

ஹாம்கள் ஒருவருக்கொருவர் சிக்னலுக்கு 'மார்க்' போடும் பழக்கம் உண்டு. 1934-ல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்க ஹாம் உருவாக்கிய 'ஆர்.எஸ்.டி.' முறை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆர் என்றால் எவ்வளவு புரிகிறது, எஸ் என்றால் எவ்வளவு பலம்.

மூன்றாவதான 'டி', மோர்ஸ் கோடில் வரும் தொனியின் சுத்தம். இதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண். வடிகட்டாத ஏ.சி.யின் கரடுமுரடான சத்தம் என்றால் 1. ரிப்பிளின் சுவடே இல்லாத தூய தொனி என்றால் 9. பவர் சப்ளையின் தரத்துக்கே தனி மார்க் போடும் அளவுக்கு அந்தக் காலத்தில் இது பெரிய தலைவலி!

குரலில் இது வேறு மாதிரி கேட்கும். ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 'சிங்கிள் சைட்பேண்ட்' முறையில், பேசாமல் இருக்கும்போது சிக்னலே போகாது. எனவே ஆம்ப்ளிஃபையர் பவர் சப்ளையில் ரிப்பிள் இருந்தால், பேசும்போது மட்டும் குரல் கரகரப்பாக, தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும்.

பேச்சை நிறுத்திய இடைவெளியிலும் 'ம்ம்ம்' கேட்டால்? அது ஆம்ப்ளிஃபையர் தவறு இல்லை. மைக் ஒயர், எர்த் இணைப்பு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஆடியோ ஒயர் ஆகியவற்றைத்தான் சோதிக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ரிப்பிளைவிட மோசமான ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. வோல்ட் 'உட்காருவது'.

மனிதக் குரல் சீராக இருக்காது. ஒரு எழுத்தில் மெதுவாக, அடுத்த எழுத்தில் பலமாக வரும். பலமான எழுத்து வரும் நொடியில் ஆம்ப்ளிஃபையர் திடீரென அதிக கரண்ட் கேட்கும். அந்த நொடியில் பவர் சப்ளையால் தாக்குப்பிடிக்க முடியாமல் வோல்ட் இறங்கினால், குரல் அலையின் உச்சி வெட்டுப்படும். கூம்பாக இருக்க வேண்டிய தலை தட்டையாகிவிடும்.

இதனால் சக்தி கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரிய இழப்பு இல்லை. 13.8 வோல்ட் 11.8 ஆனால், கிடைக்கக்கூடிய சக்தி கால் பங்குக்குச் சற்று மேல் குறையும். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் காதில் விழுவதே கஷ்டம்.

உண்மையான பிரச்னை வேறு. உச்சி வெட்டுப்பட்ட அலை, தனக்கு உரிய இடத்தைத் தாண்டி இரு பக்கமும் சிதறும். ஹாம்கள் இதை 'ஸ்பிளாட்டர்' என்பார்கள். பக்கத்து அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பவருக்கு, ஒவ்வொரு பலமான எழுத்துக்கும் 'கர்க் கர்க்' என்று கேட்கும். அங்கே யாரோ மிகப் பலவீனமான பேட்டரியில் உதவி கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் குரல் இதில் மூழ்கிப்போகும்.

400 வாட் என்றால் 4 மடங்கு நன்றாகக் கேட்குமா?

கேட்காது. 100 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போனால், எதிர்முனையில் உள்ள சிக்னல் மீட்டர் ஒரே ஒரு 'எஸ்' அளவுதான் ஏறும். பலவீனமான சிக்னலுக்கு அந்த ஒரு படி உதவும்தான். ஆனால் அதைச் சம்பாதிக்க சக்தி இல்லாத பவர் சப்ளையைக் கசக்கிப் பிழிந்தால், கூடிய பலத்தைவிடக் குறைந்த தெளிவுதான் மிச்சம்.

சுத்தமான 100 வாட்டா, அழுக்கான 400 வாட்டா என்றால், அனுபவமுள்ள ஹாம்கள் யோசிக்காமல் முதலாவதைத்தான் சொல்வார்கள்.

வால்வு ஆம்ப்ளிஃபையரில் எந்த வோல்ட் முக்கியம்?

ஒரு வால்வுக்கு ஒரே நேரத்தில் பல வோல்ட்கள் போகும். 2,500 வோல்ட் போகும் ஆனோடுதான் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் ஆச்சரியமான விஷயம், ஆனோடில் உள்ள கொஞ்சம் ரிப்பிளை, உச்சவரம்புவரை ஓட்டாமல் பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபையர் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

பொறுத்துக்கொள்ளாதவை, பார்க்கச் சின்னதாக இருக்கும் மற்ற வோல்ட்கள்தான். டெட்ரோடு வகை வால்வில் 'ஸ்க்ரீன் கிரிட்'டுக்குப் போகும் சில நூறு வோல்ட்டும், 'பயாஸ்' எனப்படும் கட்டுப்பாட்டு வோல்ட்டும் கொஞ்சம் ஆடினாலும், வால்வு வேலை செய்யும் விதமே மாறிவிடும். அதனால்தான் ஸ்க்ரீனுக்கும் பயாஸுக்கும் தனியாக ரெகுலேட்டர் வைக்கிறார்கள். ஆனோடுக்குப் பெரிய கண்டன்சர் போட்டுவிட்டு, இந்த இரண்டையும் கண்டுகொள்ளாமல் விட்டால் பணம் செலவானதுதான் மிச்சம்.

எடை குறைந்த 'எஸ்.எம்.பி.எஸ்.' பவர் சப்ளை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டர், எல்.இ.டி. லைட், செல்போன் சார்ஜர் எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான். ஏ.சி.யை முதலில் டி.சி.யாக்கி, பிறகு ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி வோல்ட்டைக் குறைக்கும். கையில் தூக்கிப்போகலாம், சூடும் குறைவு. வடிவமைப்பு நன்றாக இருந்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமலும் இருக்காது.

பிரச்னை அந்த வெட்டும் வேகத்தில் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு பெட்டி நொடிக்கு 60,000 முறை, அதாவது 60 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர் சரியில்லை என்றால் அந்தச் சத்தம் 60-இன் மடங்குகளில் எல்லாம் தலைகாட்டும். 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 7,020, 7,080, 7,140, 7,200 கிலோஹெர்ட்ஸ் என்று வரிசையாக இரைச்சல் மேடுகள் நிற்கும். வரும் சிக்னல் பலவீனமாக இருந்தால் கேட்கவே கேட்காது.

இதற்கு என்ன செய்வது? உள்ளே வரும் ஏ.சி. ஒயரிலும், வெளியே போகும் டி.சி. ஒயரிலும் 'ஃபெரைட்' வளையத்தில் சில சுற்றுகள் சுற்றிவிடுவது ஒரு எளிய வழி. லேப்டாப் சார்ஜர் ஒயரில் உருண்டையாக ஒரு கட்டி இருக்குமே, அதற்குள் இருப்பதும் இதே ஃபெரைட்தான்.

இதில் இன்னொரு பலனும் உண்டு. ஆன்டெனாவிலிருந்து வரும் ரேடியோ அலை, திரும்பி ஒயர் வழியாக பவர் சப்ளைக்குள் புகுந்தால் ரெகுலேட்டர் குழம்பிவிடும். பேசும்போதெல்லாம் வோல்ட் மீட்டர் முள் துள்ளினால் இதுதான் காரணமா என்று பார்க்க வேண்டும். ஃபெரைட் வளையம் அதையும் தடுக்கும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பெரிய கருவிகள் இல்லாமலே சில சோதனைகள் செய்யலாம்.

பேட்டரி சோதனை: ரேடியோ பெட்டியை பவர் சப்ளையிலிருந்து கழற்றி, நன்றாக சார்ஜ் ஆன பேட்டரியில் இணைத்துப் பேச வேண்டும். உறுமல் போய்விட்டால் குற்றவாளி பவர் சப்ளைதான்.

எண்ணிக்கைச் சோதனை: குரலைப் பதிவு செய்து, செல்போனில் உள்ள ஒலி அலைவரிசை ஆப்பில் பார்க்கலாம். உறுமல் 100 ஹெர்ட்ஸ் என்றால் கண்டன்சர் மீது சந்தேகம். 50 ஹெர்ட்ஸ் என்றால் டயோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது எர்த் இணைப்பில் கோளாறு இருக்கலாம்.

மீட்டர் சோதனை: பேசும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பெட்டியின் பின்பக்க இணைப்பிலேயே அளக்க வேண்டும். பவர் சப்ளையின் வாயிலில் 13.8 காட்டி, ரேடியோவின் வாயிலில் 12.3 காட்டினால் கோளாறு ஒயரில்.

ஒயரை ஏன் இவ்வளவு சொல்ல வேண்டும்? 3 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் ஒயர் போட்டால், போக வர 6 மீட்டர். 20 ஆம்பியர் போகும்போது ஏறத்தாழ 1.5 வோல்ட் ஒயரிலேயே காணாமல் போகும். அதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் ஒயர் என்றால் இழப்பு 0.4 வோல்ட்டுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய பெட்டியைச் சில நூறு ரூபாய் ஒயர் கெடுத்துவிடும்.

எச்சரிக்கை: கைவைக்கும் முன் இதைப் படிக்கவும்

சிக்னலைச் சுத்தம் செய்யும் அதே கண்டன்சர், உயிரையும் எடுக்கும்.

மேலே சொன்ன 2,500 வோல்ட் ஆம்ப்ளிஃபையரில் கண்டன்சர்கள் சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 125 ஜூல். தாறுமாறான இதயத்துடிப்பைச் சீராக்க மருத்துவமனையில் ஷாக் கொடுக்கும் கருவி பயன்படுத்துவதும் கிட்டத்தட்ட இந்த அளவைத்தான். நல்ல இதயத்தில் அது பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சுவிட்சை அணைத்துவிட்டோம், பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்பதால் ஆபத்து போய்விடாது. கண்டன்சரில் உள்ளதை வடித்துவிட 'பிளீடர்' என்ற ரெசிஸ்டர்கள் வைத்திருப்பார்கள். 1 லட்சம் ஓம் பிளீடர் இருந்தால், 2,500 வோல்ட் 50 வோல்ட்டாக இறங்க சுமார் 16 நொடி ஆகும். ஆனால் அந்த பிளீடரே எரிந்து போயிருந்தால்? வோல்ட் அப்படியே உள்ளே காத்திருக்கும்.

எனவே பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் பொறுத்து, அந்த வோல்ட்டைத் தாங்கும் மீட்டரில் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைத் தாண்டி கை போக வேண்டும். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை செய்வது பழைய ஹாம்களின் பழக்கம். கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கை வழியாக மார்பைக் கடக்கக் கூடாது என்பதுதான் காரணம். அனுபவம் இல்லாதவர்கள் உயர் வோல்ட் ஆம்ப்ளிஃபையரைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

பேரிடர் நேரத்தில் என்ன மாறும்?

புயலிலோ வெள்ளத்திலோ முதலில் போவது கரண்ட். பிறகு ஹாம்கள் நம்புவது பேட்டரியையும் சின்ன ஜெனரேட்டரையும்தான்.

பேட்டரி தருவது இயல்பிலேயே ரிப்பிள் இல்லாத டி.சி. அதில் உறுமல் இருக்காது. ஆனால் சார்ஜ் குறையக் குறைய வோல்ட் இறங்கும். பல ரேடியோ பெட்டிகள் 11.7 வோல்ட் வரைதான் சரியாக வேலை செய்யும். பேட்டரி 12.2-ல் இருந்து, ஒயரில் 1.5 போனால் மிச்சம் 10.7. உச்சி வெட்டுப்படுவது அங்கே தொடங்குகிறது.

அந்த நேரத்தில் செய்யக்கூடிய எளிய வேலை, சக்தியைக் குறைப்பது. 100 வாட்டை 30 வாட்டாக்கினால் கரண்ட் குறையும், வோல்ட் இறங்காது, பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும். குரலும் சுத்தமாகப் போகும்.

ஜெனரேட்டரில் நிலைமை வேறு. ஒரே ஜெனரேட்டரில் லைட், பம்பு, ரேடியோ எல்லாம் ஓடினால், பம்பு ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் வோல்ட் குலுங்கும். நடுவில் ஒரு பேட்டரியை வைத்து, ஜெனரேட்டர் பேட்டரியை சார்ஜ் செய்ய, ரேடியோ பேட்டரியிலிருந்து கரண்ட் எடுப்பதுபோல அமைத்தால் அந்தக் குலுங்கல் குரலுக்குப் போகாது. அந்த பேட்டரி, ஒரு பெரிய கண்டன்சரின் வேலையைச் செய்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்

ஆம்ப்ளிஃபையர் புதிதாக எதையும் உருவாக்குவதில்லை. பவர் சப்ளை தருவதைத்தான் குரலின் வடிவத்தில் வெளியே விடுகிறது. அதனால் வாட் எண்ணிக்கையை ஏற்றுவதற்கு முன், வயதான கண்டன்சரை மாற்றுவது, ஒயரைத் தடிமனாக்குவது, ஒரு ஃபெரைட் வளையம் போடுவது ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும். உதவி கேட்கும் குரல் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரே தடவையில் புரிந்தால்தான், அந்த ஆம்ப்ளிஃபையருக்குச் செலவழித்த பணத்துக்கு அர்த்தம்.